பழக்கமும் கிருபையும்

(எமது சங்கத்தின் நூற்றாண்டு நன்றி வழிபாட்டைத் தொடர்ந்து கல்லூரி மண்டபத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒலிவாங்கியின் முன் நிற்பவர் ஒருவர்தான். ஆனால் பேசுவது நான்கு பேர். ஒரே வகுப்பில் படித்து, ஒரே விடுதியில் உறங்கி, இன்று அறுபதைத் தாண்டிவிட்ட நால்வரும் சேர்ந்து எழுதிய உரை இது. ஆகவே இதில் 'நாங்கள்' என்றே வரும். உண்மையில் நாங்கள் ஐந்து பேர். ஐந்தாமவர் இன்று எம்முடன் இல்லை. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்த உரைக்கு ஒத்துக்கொண்டோம்.

முதலில் ஒரு சின்ன விடயம். விடுதியில் காலை ஐந்து மணிக்கு மணி அடிக்கும். எழும்பாவிட்டால் மேற்றன் அம்மா போர்வையை இழுப்பார். நாங்கள் விடுதியை விட்டு நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்றைக்கும் எங்களில் மூவருக்கு ஐந்து மணிக்குக் கண் திறந்துவிடும். மணியும் இல்லை, மேற்றன் அம்மாவும் இல்லை. பழக்கம் மட்டும் இருக்கிறது. (பழைய விடுதிக்காரர் சிரிக்கிறீர்கள். உங்களுக்கும் அப்படித்தான் போல.)

நல்ல பழக்கம் இப்படி நாற்பது வருடம் எம்மைத் தாங்குமென்றால், தீய பழக்கமும் அதே வலுவோடு எம்மைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டும் மூளையில் ஒரே வழியாகத்தான் உருவாகின்றன. இதை நாங்கள் காலம் கடந்தே விளங்கிக்கொண்டோம்.

எங்கள் தோழி விடுதியில் எங்கள் எல்லோரையும் விடக் கெட்டிக்காரி. ஜெபக்கூட்டத்தில் அழகாகப் பாடுவாள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் பெயர்ந்த அந்த மழைநாளில், கைக்குழந்தையுடன் செம்மணி வெளியால் நடந்து, நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போனாள். பின்னர் கிளாலியால் வன்னிக்குப் போனாள். அங்கே ஒரு கொட்டிலில், பக்கத்துக் கொட்டில் ஆச்சி ஒருவர் அவளுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டு புகையிலை. பசி அடங்கியது, பயமும் கொஞ்சம் அடங்கியது என்று பின்னாளில் சொன்னாள். பிள்ளைக்குச் சோற்றைக் கொடுத்துவிட்டுத் தான் வெற்றிலை போட்டாள். அதை நாங்கள் குற்றம் என்று சொல்ல மாட்டோம்.

யுத்தம் முடிந்த பின் ஒரு பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், இதே வளவில், அவளை மறுபடி கண்டோம். கட்டிப்பிடித்தோம், அழுதோம். பிறகு அவளுடைய வாயைப் பார்த்தோம். எங்களில் ஒருத்தி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "என்னடி இது கோலம்? நீயும் வேதக்காரிதானே? வாயெல்லாம் சிவந்துபோய்க் கிடக்கு!" மற்ற மூவரும் சிரித்தோம், பிறகு ஆளுக்கொரு புத்தி சொன்னோம். ஜெபம் பண்ணினால் விடலாம், மனம் வைத்தால் விடலாம் என்றோம். அவளும் சிரித்துக்கொண்டு தலையாட்டினாள்.

அதன் பிறகு அவள் எங்களைச் சந்திக்க வரும் நாட்களில் வாயைக் கழுவி, பல்லை விளக்கிக்கொண்டு வந்தாள். விட்டுவிட்டாள் என்று நம்பினோம். மூன்று வருடத்தின் பின் மகரகமவில் அவளைப் பார்க்கப் போனோம். கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் தழும்பு வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. உறைப்புச் சாப்பாடு எரிந்ததாம், வாயை முழுதாகத் திறக்க முடியாமல் இருந்ததாம். ஏன் ஒரு சொல் சொல்லவில்லை என்று கேட்டோம். "நீங்கள் எல்லாரும் ஏசுவியள் எண்டுதான் சொல்லேல்லை" என்றாள். அடுத்த வருடம் அவளை அடக்கம் பண்ணினோம்.

சகோதரிகளே, அவளைக் கொண்டுபோனது புற்றுநோய். ஆனால் அதை ஒரு வருடம் மறைக்க வைத்தது எங்கள் வாய். இதை இந்த மண்டபத்தில் சொல்லாமல் நூற்றாண்டு கொண்டாட எமக்கு மனம் வரவில்லை.

அவள் போன பின் நாங்கள் நால்வரும் வாசிக்கத் தொடங்கினோம். எங்களில் ஒருத்தி உயிரியல் ஆசிரியையாக இருந்தவள். அவள்தான் எங்களுக்கு விளங்கப்படுத்தினாள்.

ஒரு செயலை முதன்முதல் செய்யும்போது நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் பகுதி கவனமாக வேலை செய்கிறது. யோசித்தல், தீர்மானித்தல், வேண்டாம் என்று நிறுத்துதல் எல்லாம் அதன் பொறுப்பு. அதே செயலை அதே இடத்தில், அதே நேரத்தில் திரும்பத் திரும்பச் செய்யும்போது, பொறுப்பு மெல்ல மெல்ல மூளையின் ஆழத்திலுள்ள வேறொரு பகுதிக்குக் கைமாறுகிறது. அந்தப் பகுதி யோசிப்பதில்லை. குறிப்பைக் கண்டதும் செய்து முடித்துவிடும். சைக்கிள் ஓடுவதும், சட்டைக்குப் பொத்தான் பூட்டுவதும் இப்படித்தான். இது ஆண்டவர் தந்த நன்மை. இது இல்லாவிட்டால் காலையில் பல் விளக்குவதற்கே எமது யோசனை முழுவதும் செலவாகிவிடும்.

இதற்குள் டோபமின் என்ற இரசாயனமும் வேலை செய்கிறது. 1990களில் சுவிற்சர்லாந்தில் வொல்ஃப்ராம் ஷூல்ற்ஸ் என்ற அறிஞர் குரங்குகளின் மூளையில் டோபமின் கலங்களை அவதானித்தார். முதலில், குரங்கின் வாயில் பழச்சாறு விழும்போது அந்தக் கலங்கள் துடித்தன. சாறு வருமுன் ஓர் அடையாளம் காட்டிப் பழக்கிய பின், அடையாளத்தைக் கண்டவுடனேயே துடித்தன. சாறு விழும்போது துடிக்கவில்லை. அடையாளத்தைக் காட்டிவிட்டுச் சாற்றைக் கொடுக்காதபோது வழமையிலும் குறைவாக அடங்கிப்போயின.

இதை வாசித்தபோது எங்கள் தோழியின் முகந்தான் நினைவுக்கு வந்தது. பாக்குவெட்டியின் சத்தம் கேட்டால் போதும், தட்டத்தைக் கண்டால் போதும், வாயில் வெற்றிலை படுமுன்பே மூளை எழும்பிவிடுகிறது. கிடைக்காவிட்டால் மனம் சோர்ந்து விழுகிறது. பாக்கிலுள்ள அரிக்கோலினும் புகையிலையிலுள்ள நிக்கொற்றினும் மூளையைத் தாமாகவே தொடுகிற பொருட்கள். பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கப் போதுமானது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அறிவித்தது. புகையிலை போடாமல் வெறும் வெற்றிலை பாக்குத்தானே என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றும் அறிந்தோம். களைப்பு, பசி, பயம், தனிமை வரும்போது முதலில் தளர்வது முன்மூளை. ஆழத்திலுள்ள பழக்கமோ தளர்வதில்லை. ஆகவே காலையில் எடுத்த தீர்மானம் இரவில் உடைகிறது. கொட்டிலில் இருந்தவளிடம் போய் மனம் வைத்தால் விடலாம் என்று சொன்னோமே, அவளுடைய மனம் எத்தனை வருடம் களைத்துக் கிடந்தது என்று நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

பவுல் அப்போஸ்தலர் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில் தன்னுடைய போராட்டத்தைச் சொல்கிறார். நன்மை செய்ய விரும்பியும் செய்ய முடியவில்லை. வெறுக்கிற தீமையையே செய்துவிடுகிறேன் என்று புலம்புகிறார். சபைகளைக் கட்டியெழுப்பிய ஒருவர் இதைக் கூசாமல் எழுதி, சபையில் எல்லோருக்கும் வாசிக்கக் கொடுத்தார். சிறுவயதில் இந்தப் பகுதியை மனனம் செய்து பரிசும் வாங்கினோம். ஆனால் எங்கள் தோழி இதே வார்த்தையை எங்களிடம் சொல்ல இடம் கொடுக்கவில்லை.

அதே நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் மனம் புதிதாகி மறுரூபமாவதைப் பற்றிச் சொல்கிறார். புதிதாதல் ஒரு நாளில் முடிகிற காரியமல்ல என்று மூளையைப் படித்த பின் எமக்கு இன்னும் தெளிவாயிற்று. வளர்ந்தவர்களின் மூளையும் மாறக்கூடியது. திரும்பத் திரும்பச் செய்வது வலுப்படுகிறது. செய்யாமல் விடுவது தளர்கிறது. மனந்திரும்புதல் என்று எமது வேதாகமத்தில் வரும் சொல்லுக்குக் கிரேக்க மூலத்திலுள்ள சொல் மெற்றனோயா. மனம் மாறுதல் என்பதே அதன் நேர்ப்பொருள். அழுது தலையில் அடித்துக்கொள்வது என்றே நாங்கள் அதுவரை எண்ணியிருந்தோம்.

திருச்சபை வரலாற்றிலே ஒரு தாயும் மகனும் இருக்கிறார்கள். தாய் மோனிக்கா. மகன் புனித அகுஸ்தீன். அவர் 'அறிக்கைகள்' என்ற நூலின் ஒன்பதாம் பகுதியில் தாயின் சிறுவயதுக் கதையைச் சொல்கிறார். பீப்பாயிலிருந்து திராட்சரசம் எடுத்துவரப் பெற்றோர் மோனிக்காவை அனுப்புவார்கள். அவள் விளையாட்டாக உதட்டில் ஒரு துளி வைத்தாள். நாளுக்கு நாள் சிறிது கூடியது. கடைசியில் கிண்ணம் நிறையக் குடிக்கும் பழக்கமாகிவிட்டது. ஒருநாள் கூடப் போகும் பணிப்பெண் சண்டையில் குடிகாரி என்று ஏசிவிட்டாள். அது சுருக்கென்று தைக்க, மோனிக்கா அன்றே விட்டுவிட்டாள்.

இந்தக் கதையை நாங்கள் ஓய்வுநாள் பாடசாலையில் கேட்டிருந்தோம். ஏசினால் திருந்துவார்கள் என்று அதிலிருந்து பாடம் எடுத்துக்கொண்டோம். ஆனால் அகுஸ்தீன் அந்தப் பணிப்பெண்ணைப் புகழவில்லை. அவள் காயப்படுத்தத்தான் ஏசினாள். அதைக்கூட ஆண்டவர் மருந்தாக மாற்றினார் என்று ஆண்டவருக்கே மகிமை கொடுக்கிறார். இரண்டு பெண்பிள்ளைகள் தனியே நின்ற இடத்தில் விழுந்த சொல் அது. நாங்களோ ஒரு மண்டபம் கேட்க ஏசினோம்.

மகனுடைய கதை வேறு. அகுஸ்தீனுக்கு எது சரி என்று தெரிந்து பல வருடமாகியும் பழைய வாழ்க்கையை விட முடியவில்லை. பழக்கம் தன்னைச் சங்கிலியாகக் கட்டியிருந்தது என்று எழுதுகிறார். 386இல் மிலான் நகரில் ஒரு தோட்டத்தில் அவர் உடைந்து அழுத நாளில், அலிப்பியுஸ் என்ற நண்பர் கூட இருந்தார். அந்த நண்பர் புத்தி சொன்னதாக நூலில் இல்லை. பக்கத்தில் இருந்தார், காத்திருந்தார். அப்படி ஒருத்தி எங்கள் தோழிக்கு இருக்கவில்லை.

1935இல் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து அக்ரன் நகரில் இரண்டு குடிப்பழக்கக்காரர் சந்தித்துப் பேசியதிலிருந்து ஓர் இயக்கமே வளர்ந்தது. அல்ககோலிக்ஸ் அனோனிமஸ் என்று அதை அறிவீர்கள். என்னால் தனியே முடியாது என்று ஒத்துக்கொள்வதே அவர்களுடைய முதற்படி. கடவுளிடமும் இன்னொரு மனிதரிடமும் குறையை ஒளிக்காமல் சொல்வதும் அந்தப் படிகளுள் ஒன்று. யாக்கோபின் நிருபத்தில் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடும்படி சொல்லியிருப்பதும் இதுதான்.

ஆகவே நாங்கள் நால்வரும் ஒரு தீர்மானம் எடுத்தோம். செத்தவளுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை. இருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் உண்மை சொல்வோம் என்றோம். சொல்லத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, புத்தி சொன்ன நால்வரிடமும் ஒவ்வொன்று இருந்தது.

ஒருத்திக்கு நீரிழிவு. பின்னேரம் நாலு மணிக்கு இரண்டு கரண்டி சீனியோடு தேத்தண்ணீரும் பிஸ்கற் பைக்கற் ஒன்றும். ஒருத்திக்குக் கைத்தொலைபேசி. ரொறன்ரோவில் இருக்கும் மகளோடு இரவு பத்தரைக்குக் கதைத்து முடித்தபின் யூரியூப்பில் ஒன்று மாறி ஒன்று பார்த்து ஒரு மணியாகும்; காலையில் தலையிடி. ஒருத்தி, நம்புங்கள், தானும் வெற்றிலை போட்டாள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் மட்டும், புகையிலை இல்லாமல், மாமியோடு சேர்ந்து. நாலாவது ஆளுக்கு இவை ஒன்றும் இல்லை. அவளுடைய பழக்கம் ஏசுவது. அன்று மண்டபத்தில் முதலில் வாய் திறந்தவள் அவள்தான்.

நாங்கள் செய்தவற்றைச் சொல்கிறோம். பெரிய இரகசியம் ஒன்றுமில்லை.

முதலாவது, விட முடியவில்லையே என்று அழுவதை நிறுத்தி, எப்போது வருகிறது என்று கவனித்தோம். ஒரு சின்னக் கொப்பியில் நேரம், இடம், யார் பக்கத்தில், மனம் எப்படி என்று இரண்டு கிழமை எழுதினோம். சீனிக்காரிக்கு நாலு மணி என்பது வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம். கணவர் இருந்த காலத்தில் அவர் வேலையால் வரும் நேரம் அது. அவளுக்குப் பசி இல்லை, தனிமை.

இரண்டாவது, அடையாளத்தை அகற்றினோம். தட்டமும் பாக்குவெட்டியும் மாமியின் அறைக்குப் போயின. கைத்தொலைபேசி இரவில் குசினியில் உறங்கியது. பிஸ்கற் வாங்குவதை நிறுத்தினோம்.

மூன்றாவது, வெற்றிடத்தை நிரப்பினோம். அசுத்த ஆவி போன வீடு பெருக்கி வெறுமையாகக் கிடந்ததால், அது இன்னும் ஏழு ஆவிகளோடு திரும்பி வந்த உவமையை ஆண்டவர் சொன்னார். லெந்து நாட்களில் நாற்பது நாள் ஒன்றை விட்டுவிட்டு, உயிர்த்த ஞாயிறன்றே மறுபடி எடுத்த அனுபவம் எம்மில் பலருக்கு உண்டு. வீட்டைப் பெருக்கினோம், நிரப்பவில்லை. இம்முறை நாலு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்காவோடு கோவிலடி வரை நடை. சாப்பாட்டுக்குப் பின் இரண்டு கராம்பு. மகளோடு கதைத்து முடிந்ததும் கடதாசியில் அச்சடித்த வேதாகமத்தில் ஒரு சங்கீதம், பிறகு விளக்கை அணைத்தல். ஏசுகிறவளுக்கு, வாய் திறக்குமுன் ஒரு மூச்சு, "ஆண்டவரே, இரங்கும்" என்று மனதுக்குள் ஒரு சொல், அதன் பின் ஒரு கேள்வி மட்டும்.

நான்காவது, பொறுமை. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று பலர் சொல்வதுண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் குழுவினரும் செய்து 2010இல் வெளியான ஆய்வில், 96 பேர் ஒரு புதிய நற்பழக்கத்தை நாளாந்தம் செய்து பார்த்தனர். அது தானாக வரத் தொடங்க ஏறத்தாழ 66 நாள் எடுத்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. எமக்கு ஆறுதல் தந்தது இன்னொரு முடிவு: ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பு இல்லை.

அந்த ஆறுதல் தேவைப்பட்டது. வெற்றிலையை விட்டவள் ஐந்து மாதத்தின் பின் ஒரு செத்தவீட்டுக்குப் போனாள். தட்டத்தை நீட்டினார்கள். வாயில் போட்ட பிறகுதான் தனக்கே தெரிந்ததாம். அன்றிரவே அழைத்து அழுதாள். எங்கள் நாக்கு நுனியில் பழைய ஏச்சு வந்தது. விழுங்கினோம். யார் நீட்டினது, அந்த நேரம் மனம் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டோம். தொலைபேசியிலேயே ஜெபித்தோம். அடுத்த நாள் கராம்பு.

அமெரிக்காவில் ஆன் கிரேபியலின் ஆய்வுகூடத்தில் எலிகளை வைத்து 2005இல் கண்டதும் இதுதான்: மறந்துபோனதாகத் தோன்றிய பழக்கத்தின் மூளை வடிவம், பழைய பரிசு மறுபடி வந்ததும் திரும்ப எழுந்தது. பழைய ஒழுங்கை புல் மூடிக் கிடக்கும், முற்றாக அழிந்துபோகாது. ஆகவே விழுந்தவளைக் கண்டு நாங்கள் திகைக்கவில்லை. அவளும் தன்னை விசுவாசமில்லாதவள் என்று தள்ளிவிடவில்லை. விழுந்த வெட்கத்தை ஆற்ற மறுபடி அதே பழக்கத்திடம் போகிற வட்டத்தை எங்கே அறுப்பது? மன்னிப்பில்தான் என்று நாங்கள் கண்டோம். அன்றைக்கே மன்னிப்பு உண்டு என்று அறிந்தவள் அன்றைக்கே உண்மையைச் சொல்வாள். சொல்கிறவளுக்கு உதவி செய்யலாம்.

மூளையை அறிந்ததால் எமது விசுவாசம் குறையவில்லை. ஜெபம் வைத்தியருக்கு மாற்று என்றும் நாங்கள் சொல்லவில்லை. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம். வைத்திய மேற்பார்வை கட்டாயம். நித்திரைக் குளிசைகளுக்கும் அப்படியே. வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, இரண்டு கிழமையில் ஆறாத புண், உறைப்பு எரிதல், வாய் திறக்கக் கடினம் இருந்தால் பல் வைத்தியரிடம் போங்கள். ஏச்சு வாங்குவோம் என்று பயந்தால் எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். கூட வருவோம். இதுவரை பதினொரு பேரோடு போயிருக்கிறோம்.

மாணவச் செல்வங்களே, உங்கள் தோழி ஒருத்தி எதிலாவது சிக்கியிருப்பாள். கைத்தொலைபேசியோ, சாப்பாட்டைக் குறைத்து உடம்பை வருத்துவதோ, வீட்டில் நடப்பதை மறக்க வேறு எதுவோ. நான்கு பேர் கேட்க ஒன்றும் சொல்லாதீர்கள். தனியே கூப்பிட்டு, எப்போதடி இது வருகிறது என்று கேளுங்கள். பிறகு பேசாமல் இருந்து கேளுங்கள். தேவையென்றால் நீங்கள் நம்பும் ஓர் ஆசிரியையிடம் அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இந்தச் சங்கம் நூறு வருடம் வாழ்ந்துவிட்டது. கட்டடங்கள் கட்டினோம், புலமைப்பரிசில் கொடுத்தோம். இனிவரும் காலத்தில் எங்கள் ஒன்றுகூடல்களுக்கு வருகிற எந்தச் சகோதரியும் வாயைக் கழுவிக்கொண்டு, உண்மையை மறைத்துக்கொண்டு வரத் தேவையில்லாத சங்கமாக இது இருக்க வேண்டும் என்பதே எங்கள் நால்வரின் ஜெபம்.

நாளைக்கும் ஐந்து மணிக்குக் கண் திறக்கும். அந்த நேரத்தில் இப்போது நாங்கள் நால்வரும் அவரவர் வீட்டிலிருந்து ஒரே ஜெபத்தைச் சொல்கிறோம். முடிவில் ஐந்து பெயரையும் சொல்லி ஆமென் சொல்கிறோம்.

கர்த்தர் உங்கள் யாவரையும் ஆசீர்வதிப்பாராக.